வெள்ளை வட்டம் விழாத எஞ்சின்

முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கொதிகலன்களைத் தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து நின்ற எங்கள் அருணாச்சலம் அண்ணாச்சி அவர்களே! பிசகைப் பொறுக்காத பெருந்தகையே! காலை எட்டு மணிக்குக் பாலில்லாத கட்டஞ்சாயாவும் கறாரான முகமுமாகக் கூடத்தில் நுழையும் கோமானே! வணக்கம்.

மராத்தியில் ஒரு மடலும் ஹிந்தியில் ஒரு மடலும் வாசித்தாயிற்று. இது நம் ஆலையின் தமிழ்க்காரர்கள் பதினொரு பேர் கூடி எழுதியது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் சற்று நேரம் உங்களை ‘அவர்’ என்று சொல்லி, இந்த வாரம் நடந்ததைச் சபைக்குச் சொல்கிறோம். தயவுசெய்து உட்காருங்கள்.

கொதிகலன் செய்யும் இந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கொதிகலன் எதுவானாலும் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, அரைமணி நேரம் நிறுத்தி வைப்பார் அண்ணாச்சி. ஒரு சொட்டும் கசியவில்லை என்று கண்டபின் சாக்பீஸால் வெள்ளை வட்டம் போடுவார். வட்டம் இல்லாதது வாசலைத் தாண்டாது. முதலாளியே லாரியோடு வந்து நின்றாலும் தாண்டாது!

ஓய்வு பெறப்போகும் அவருக்கு என்ன பரிசு கொடுப்பது? வெல்டிங் பிரிவு ரவிசந்திரன், அவருடைய இருபத்தெட்டு வருட நண்பர், எட்டு மாதம் சாப்பாட்டு இடைவேளைகளை எல்லாம் விழுங்கி ஒரு ரயில் எஞ்சின் செய்தார். நீளம் ஒரு முழம். நிஜத் தண்ணீர், நிஜ நெருப்பு, நிஜ நீராவி. ஸ்டோர் மும்தாஜ் அதை வெல்டிங் கம்பிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மதியம், கேன்டீன் மேஜைகளைச் சேர்த்துத் தண்டவாளம் போட்டு, எஞ்சினின் மேல்துணியை விலக்கினோம். அண்ணாச்சி அதைப் பச்சைக் குழந்தையைப் போல் இரு கைகளாலும் எடுத்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. திருப்பி அடிவயிற்றைப் பார்த்தார். வெள்ளை வட்டம் இல்லை. முகம் மாறியது.

“யாரு வே இத டெஸ்ட் பண்ணுனது?”

அவருக்குத் தெரியாமல் ஒளிக்கிற மும்முரத்தில், அவர்தான் சோதிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டோம்! எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

“அண்ணாச்சி, இது பொம்மைதானே...” என்றார் ரவி.

“பொம்மைன்னு நீரு சொன்னா ஆவிக்குத் தெரியுமா வே?”

கொதிகலனைக் கழற்றச் சொல்லி, கைப்பம்பை மாட்டினார். பன்னிரண்டாவது நிமிடம் புகைபோக்கி அடியில் ஒரு சொட்டு துளிர்த்தது. எடுத்தார் சிவப்புச் சாக்பீஸை. போட்டார் ஒரு பெருக்கல் குறி. தன் பிரிவுபசாரப் பரிசுக்கே! ரவி சாப்பிடாமல் எழுந்து போனார்.

இரண்டு நாள் பேச்சில்லை. வெல்டிங் பிரிவின் கதவுவரை இரண்டு முறை போய்த் திரும்பினார் அண்ணாச்சி. ஓய்வுக்கு இன்னும் மூன்றே நாள். இந்த மனத்தாங்கலோடு போய்விட்டால் லோஹேகாவில் உள்ள தன் வீட்டில் அந்த எஞ்சின் அலமாரியில் கிடக்கும், அதைப் பார்க்கிற போதெல்லாம் மனசு உறுத்தும் என்று அவருக்குத் தெரியும்.

“நான் செஞ்சது தப்பாம்மா?” என்று மும்தாஜிடம் கேட்டார்.

“தப்பில்ல அண்ணாச்சி. ஆனா ரவி அண்ணன் சாப்பிட்ட பெறவு போட்டிருக்கலாம்.”

வியாழன் காலை, கசிவை மறுபடி வெல்டிங் செய்து அடைத்த கொதிகலனை ரவி சோதனை மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அரைமணி நேரம் இருவரும் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார்களே தவிர, ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முள் அசையவில்லை. அண்ணாச்சி வெள்ளை வட்டம் போட்டார். வட்டம் கோணிப்போயிற்று.

“இவ்ளோ மோசமா வட்டம் போட்டு நான் பார்த்ததே இல்ல,” என்றார் ரவி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மதியம் எஞ்சினுக்கு நெருப்பு மூட்டினோம். ஆறாவது நிமிடம் பாதுகாப்பு வால்வு சீறியது. அண்ணாச்சி ஆவித் திருகைத் திறந்தார், எஞ்சின் நகரவில்லை. விரலால் மெல்லத் தள்ளினார். உள்ளே தங்கியிருந்த வெந்நீரையும் எண்ணெயையும் அவருடைய வெள்ளைச் சட்டையில் துப்பிவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடியது! “அண்ணாச்சி, வளைவு, வளைவு!” என்று கத்தினோம். பிடித்து நிறுத்தி, பின்னால் மூன்று பெட்டிகள் கோத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாச் சாப்பாடு வைத்தோம். பாரம் ஏறியதும் நிதானம் வந்துவிட்டது. குக்... குக்... குக்... சூடான எண்ணெய் வாசனை கேன்டீன் முழுக்கப் பரவியது.

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் சுற்று வந்தபோது, “சாங்லி சர்க்கரை ஆலை, தொண்ணூத்தி ஒண்ணு,” என்றார். அடுத்த சுற்றுக்கு, “இச்சல்கரஞ்சி சாயப்பட்டறை.” அதற்கடுத்து, “சோலாப்பூர், ஆஸ்பத்திரி லாண்டரி.” எஞ்சின் சுற்றச் சுற்ற, தான் வட்டம் போட்டு அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். நீராவி தீர்ந்து எஞ்சின் நின்றது. அப்போதுதான் சொன்னார்:

“முப்பத்து நாலு வருசமா பாஸ் பண்ணி லாரில ஏத்தி விட்டுட்டேன். அதுல ஒண்ணாவது வேல செய்யுறத நான் பார்த்ததே இல்ல வே, ரவி. இன்னொரு தடவ தண்ணி ஊத்தும்.”

அண்ணாச்சி அவர்களே! நாங்கள் உங்களைக் கடுகடுப்பானவர் என்று எண்ணியிருந்தோம், அன்று வெட்கப்பட்டோம். உடல் கசிவின்றி, உள்ளம் கொதிப்பின்றி, உறவு சூழ நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். மாலையில் எஞ்சினை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டு போங்கள். காவலாளி தடுக்க மாட்டார், வட்டம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுமுன் இந்த மடலையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும் நாங்கள் வட்டம் போடவில்லை. போட்டால் வாசலைத் தாண்டிப் போய்விடுவீர்களே!

என்றும் உங்கள்,
ரவிசந்திரன், மும்தாஜ் மற்றும் ஒன்பது பேர்,
புணே.