சர்க்கரை மண்ணாகும் இலை

இந்த ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை, எங்கள் தலத்தெரு முக்குக் கடை டீக்கு இது எவ்வளவோ தேவலாம். அந்தக் கடைக்காரன் பால் எங்கே வாங்குகிறான், மச்சானோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு குக்கர் விசில் அடிக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்த காரியம் அந்த இடத்தில்தான் இடறியது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் அல்லி. கல்லூரி மூலிகை ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி டாக்டர் ஜுவைரியா, என் எதிர்வீட்டுக்காரி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தாவரவியல் படித்தோம். மார்க் எனக்குத்தான் கூட. கல்யாணத்தோடு நான் படிப்பை விட்டேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் படித்தாள். மாப்பிள்ளை துபாயில். மாமியார் சுல்தான் பீவி, "நீ படிம்மா, அடுப்ப நான் பாத்துக்குறேன்" என்று சோறு கட்டிக் கொடுக்கிற ரகம். இந்தத் தெருவில் அவளுக்கு மட்டும் அப்படி ஒரு மாமியார் எப்படி வாய்த்தார் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

சிறுகுறிஞ்சான் என்று ஒரு கொடி உண்டு. அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மண்ணை மெல்வது போலிருக்கும். சர்க்கரை நோய்க்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் கொடியை அவளுக்கு முதலில் காட்டியவள் நான், அம்பகரத்தூரில் என் அப்பா வீட்டு வேலியில். அவள் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. கடைசியில், பொடி எழுத்தில், இலை சேகரிக்க உதவிய திருமதி அல்லிக்கு நன்றி என்று போட்டிருந்தாள். கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி மின்துறையில் கிளார்க். அவருக்கும் சர்க்கரை உண்டு, அதனால் அந்த ஆராய்ச்சி மேல் தனி அக்கறை. பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீயும் அதே படிப்புத்தானே படிச்சே?" என்று கேட்டார். கேலிகூட இல்லை, சார். சும்மா சந்தேகம் கேட்கிற மாதிரி. "தோசை ஆறுது, சாப்பிடுங்க" என்றேன்.

ஜுவைரியாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக இலை வந்தால் நான் கொஞ்சம் எடுத்துக் காய்ச்ச வேண்டும். அவள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு நாக்கில் சர்க்கரை போட்டுப் பார்ப்பாள். மண்ணாகத் தெரிந்தால் இலை உள்ளே போகும், இனித்தால் குப்பைக்கு. எந்த ஆராய்ச்சி முறையிலும் இதற்கு இடமில்லை. சொன்னால், "மெஷின் அப்புறம் சொல்லட்டும் அல்லி, மொதல்ல என் நாக்கு சொல்லட்டும்" என்பாள். தான் குடிக்காததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டாளாம். பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கதையைக் கேட்டால் கண் கலங்கும்.

முதலில் நான் கொவ்வை இலையைத்தான் கலந்து பார்த்தேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆராய்ச்சி நாலு நாள் தடுமாறட்டும் என்று நினைத்தேன். அவள் சர்க்கரையைச் சப்பிவிட்டுச் சிரித்தாள். "இனிக்குது. வேற இலை புகுந்துடுச்சு போல. பறிக்கிற ஆளப் பாத்துப் பறிக்கச் சொல்லு" என்றாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட என்னை மதிக்கவில்லையோ என்னவோ.

பிறகு புதுச்சேரியிலிருந்து ஒரு குழு ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. பெரிய அளவில் ஆராய்ச்சி, அவளுக்குத் தனிக் கட்டடம் என்று பேச்சு. அப்பா வீட்டு வேலியில் இன்னொரு கொடியும் இருக்கிறது, இலை பார்க்க ஏறக்குறைய சிறுகுறிஞ்சான்தான். அதன் பெயரை உங்களிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், இங்கே வேண்டாம், நாலு பேர் காதில் விழும். வயிற்றைக் கலக்கும், ரெண்டு நாள் படுப்பாள், வருகிறவர்களிடம் நான் பேசலாம், அவ்வளவுதான் நினைத்தேன் என்று காலையில் வந்ததும் சொன்னேன் அல்லவா? அதைத் திருத்திக்கொள்ளுங்கள். என் தம்பி மணிபாரதியின் ஆடுகள் அந்த இலையைத் தின்றுவிட்டு விறைத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். இலையைப் பறிக்கும்போது ஆடுகள் ஞாபகத்தில் இருந்தன.

ரம்ஜான் மாதம் முழுக்கப் பொறுமையாக இருந்தேன். பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவளுக்குக் கசாயத்தை எப்படிக் கொடுப்பது? பெருநாள் வந்தது. பிரியாணி அனுப்பினாள், தாளிச்சா தனித் தூக்கில். சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரமே இலையைக் காய்ச்சினேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் என்னை வண்டியில் அழைத்துப்போக வந்திருந்தார். டம்ளரை அவளிடம் நீட்டினேன். கையில் வாங்கிக்கொண்டு, "நான் நோன்பு அல்லி. நோன்பு தொறந்துட்டுக் குடிச்சுப் பாக்குறேன்" என்றாள்.

"பெருநாள்தான் முடிஞ்சுபோச்சே மேடம்?" என்றார் இவர்.

"இது ஷவ்வால் மாசத்து ஆறு நோன்புண்ணே. பெருநாளுக்கு அப்புறம் வைக்கிறது. வருஷா வருஷம் நெனப்பேன், இந்த வருஷந்தான் அல்லாஹ் நாடினான்."

"அதுக்குள்ள ஆறிப்போயிடுமே. இங்க குடுங்க, நான் பாத்துச் சொல்றேன். சக்கரைக்காரன் நாக்கு பொய் சொல்லுமா?"

"ஐயோ, நீங்க எதுக்குண்ணே?"

"அல்லி போடுற காப்பியவே தெனம் குடிக்கிறேன். இதக் குடிக்க மாட்டேனா?"

அவள் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொடுத்தாள். நானும் சிரித்தேன்.

நான் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை, சார், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றைக்கு மூடிக்கொண்டேன். குடிக்காதீங்க என்றால் ஏன் என்று கேட்பார். அதை அவள் முன்னால் சொல்ல வேண்டும். அது என்னால் முடியாது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கையை நீட்டினார். சர்க்கரை டப்பா என்னிடம் இருந்தது. உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் போட்டேன். வாயில் போட்டுச் சப்பினார். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இனிக்குதே அல்லி" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் மன்றாடினாள். "சிறுகுறிஞ்சானா இருந்தா இனிச்சிருக்காது டாக்டர். இது வேற எதுவோ. அல்லி, எந்தப் பையிலேருந்து எடுத்த?" எப்போதும் எடுக்கிற பைதான் என்றேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து மறுபடி கேட்டார். சிறுகுறிஞ்சான் என்றே சொன்னேன். இலை இன்னதென்று தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். நான் மருத்துவம் படிக்கவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் என் பிசகு என்று பார்த்தால் ஒன்றுதான், அவள் நோன்பு எனக்குத் தெரியவில்லை. பல்வலி வந்தால்கூட என்னிடம் சொல்கிறவள், இதைச் சொல்லவில்லை. சுல்தான் பீவியாவது காய்கறி வண்டிக்காரனிடம் நிற்கும்போது ஒரு வார்த்தை விட்டிருக்கலாம். சொல்லியிருந்தால் இவர் இன்று உயிரோடு இருப்பார். அதை நான் அவர்களிடம் கேட்கவில்லை. பெருந்தன்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுச் சாவிலும் கூட்டம் அவளைச் சுற்றித்தான். "என் கையால எடுத்துக் குடுத்தேனே, நான்தானே கொன்னுட்டேன்" என்று அழுதாள். தெருவே அவளைத் தாங்கியது. எனக்குத் தண்ணீர் கொடுத்த பக்கத்து வீட்டு எழில்மதிகூட அவள் பக்கம் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தாள். பிறகு ஜுவைரியாவே உங்களிடம் வந்து, கவனக்குறைவு என்னுடையது, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேற்றுப் பேப்பரில் போட்டிருந்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது. முக்குக் கடையில் டீ குடிக்க வந்த ஜெகபர் அலி அதைப் படித்துவிட்டு, "இந்தக் காலத்துல இப்புடி ஒரு மனசா" என்றார்.

அதனால்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இலையைப் பறித்தது நான். காய்ச்சியது நான். சர்க்கரையைப் போட்டது நான். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சார். அவள் பெயரைக் கடைசியில் பொடி எழுத்தில்கூடப் போட வேண்டாம்.