சிப்பிலிருந்து நேராக ஒரு ஒயர்

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்டது அரசப்பன்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். மன்னார்குடியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னிடம் வேறு எதைக் கேட்பார்கள்?

அவனுடைய அப்பா காத்தான் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். மகன் படித்தான். நிலம் அப்பாவுடைய குத்தகை என்று பதிய மனுப் போட்டான், வழக்கும் நடத்தினான். ஆட்சி யார் கையில் வந்தாலும் சட்டம் குத்தகைக்காரன் பக்கம்தானே. சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் அனுப்பிய சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, அவர்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனித் திரை கிடையாது. உள்ளே இருக்கும் வீடியோ சிப் எழுத்தை வரைந்து, ஆன்டெனா துளை வழியாக டி.வி.க்கு அனுப்பும். பாவம், சிப் நன்றாகத்தான் வரைந்தது. போகிற வழியில் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

"பிள்ளைங்க கண்ணைக் கசக்கிக்கிட்டே பாக்குதுங்க சார். ஏதாவது பண்ணிக் கொடுங்க" என்றான்.

பண்ணிக் கொடுத்தேன். சிப்பிலிருந்து ஒரு ஒயரை நேராக டி.வி.யின் உள்ளே பற்றவைத்தேன். எழுத்து கண்ணாடி மாதிரி தெரிந்தது. அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கே மனசு நிறைந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த மாதிரிப் பழைய கறுப்பு வெள்ளை டி.வி.க்களில் கரண்டு உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டிலேயே வந்து நிற்கும். ஆன்டெனா துளையில் அதைத் தடுக்க ஏற்பாடு உண்டு. என் ஒயரில் கிடையாது. டி.வி.யின் இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் ஒன்றும் ஆகாது. திருப்பிச் செருகினால் கம்ப்யூட்டரின் இரும்பெல்லாம் கரண்டுதான். நான் சரியான பக்கம் செருகிக் காட்டினேன். வேறெதுவும் சொல்லவில்லை. என்றைக்காவது மாறும் என்று தெரியும்.

பிள்ளைகளும் தொடுவார்களே என்கிறீர்கள். யோசித்தேன். பிளக்கைச் செருகுவதும் பாடத்தை ஏற்ற, இரும்பு முனை உள்ள கேசட் ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்டுவதும் எப்போதும் அவன்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று எல்லா இன்ஸ்டிடியூட்டிலும் சொல்கிறார்கள். தூசி ஆகாதாம். அவனும் அப்படியே பழகிக்கொண்டு வந்திருந்தான். வெறுங்கால், கழுவிவிட்ட ஈரச் சிமெண்டுத் தரை.

அவன் விழுந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனபோது மெயினை அணைத்திருந்தார்கள். காத்தான் மகனுடைய காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நீங்க பாத்துக் குடுத்ததுதானே சார். எம்புள்ளைய என்னா பண்ணுச்சு அது?" என்று கேட்டான்.

களைப்பாக இருக்கிறது, சார். நிலம் கைவிட்டுப் போகிறதே என்று கொன்றேன். அந்தக் காரணம் போதும்.

அன்றைக்கு அந்த அறை வாசலில் அவன் செருப்பு கிடந்தது. எங்கள் தெருவில் யார் சொல்லியும் அவன் கழற்றாத செருப்பு. அந்தப் பெட்டிக்காக ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்திருந்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிலத்துக்காகத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.