பழைய பதிவின் மேல் புதியது

புதுப் புத்தக வாசனை எனக்கு ஆகாது. பெட்டியைப் பிரித்தாலே தும்மல்தான். நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இப்படி ஒரு மூக்கா என்று என் மனைவி கேலி செய்வாள். அதனால் பெட்டியைப் பிரித்து அடுக்குவது அவள் வேலை, கணினியில் ஏற்றுவது என் வேலை என்று வைத்துக்கொண்டோம். ஒரே அறை, எதிரெதிர் மேசை.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். புத்தகம் விற்கும் நிறுவனம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், பொருள் எல்லாம் அடங்கிய பதிவைக் கோப்பாக அனுப்பும். அதை நம் மென்பொருளில் ஏற்றும்போது, அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிடும். நாம் எழுதிவைத்த உள்குறிப்பு பிழைக்க வேண்டுமென்றால் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். நான் அதை மறந்ததே இல்லை.

அவளுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. முதலில் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டாள். "ஏங்க, இது எந்த அலமாரி?" "அந்த மீசைக்காரர் பேரு என்ன?" சொல்லச் சொல்ல எனக்கு ஒரு நிம்மதி. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் என்னை அப்படித் தேடியதே கிடையாது.

பிறகு கெட்டிக்காரி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொரு பதிவின் உள்குறிப்பிலும் தனக்கென்று எழுதிவைத்தாள். நீல அட்டை, ஜன்னலோரம், கீழ்த்தட்டு. கேட்டு வருபவர் ஓய்வுபெற்ற தபால்காரர், காது மந்தம், எழுதிக் காட்டு. மருத்துவரே மெச்சினார். "இந்த வேலை இருக்கிறவரைக்கும் இவங்க தாக்குப்பிடிப்பாங்க" என்றார்.

என்னைக் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்காவது ஒன்று கேட்க மாட்டாளா என்று நான் தவித்த தவிப்பு யாருக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில், பழைய புத்தகங்களுக்கெல்லாம் திருத்திய பதிவுகள் என்று நிறுவனம் மொத்தமாக ஒரு கோப்பு அனுப்பியது. டிக்கை எடுத்துவிட்டு ஏற்றினேன். நிறுவனத்தின் மேல் பழி போடாதீர்கள், பாவம். கை தவறிவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். பழைய பதிவுகளின் காப்பு நகலையும் நான்தான் அழித்தேன். கை இரண்டு தடவை தவறாது.

மறுநாள் அவள் ஒவ்வொரு பதிவாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"நான் இங்க எழுதிவெச்சிருந்தேனேங்க?"

"நீ எதுவும் எழுதலையேம்மா."

"நிஜமாவா?"

"உன்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

நம்பிவிட்டாள். அன்று மாலைக்குள் எத்தனை முறை என்னைக் கூப்பிட்டாள் தெரியுமா.

அதற்குப் பிறகு அவள் சரிந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது வேலைக்கு வருவதில்லை. சாப்பிட்டோமா இல்லையா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்கிறாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நடக்கிறாள். கெடுத்துவிட்டேன் என்கிறீர்கள். நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை ஐயா. நேற்றுக் காலை என் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க யாருங்க?" என்றாள்.

பாருங்கள், அதையும் என்னிடம்தான் கேட்டாள்.