ஃபெர்மினின் வலது கை

நகம் தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாள் கேட்டிருந்தேன், மேடம். இன்னும் வரவில்லை. அது ஆயுதம் என்கிறார் உங்கள் காவலர். உப்புத்தாளை வைத்து யாரை என்ன செய்துவிட முடியும் என்று எனக்குப் புரியவில்லை. வலது கை நகங்களைத் தினமும் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் கம்பியில் சத்தம் சுத்தமாக விழும். இதையெல்லாம் காவலருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. போகட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் அன்செல்மோ பராஹோனா. வயது ஐம்பத்தெட்டு. இந்த ஹெரெஸ் ஊரில், எங்கள் தெருப் பாட்டுச் சங்கத்தில் கிட்டார் வாசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சொல்லியும் கொடுக்கிறேன். திரினிதாத் பாட உட்கார்ந்தால் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் மூச்சு எடுக்கும்போதே அடுத்த வரி எங்கே போகும் என்று என் விரலுக்குத் தெரியும்.

ஃபெர்மின் போன அக்டோபரில் வந்து சேர்ந்தான். எதிர்க் கடையில் உப்பிட்ட பன்றித்தொடையைச் சீவிக் கொடுக்கிறவன். நாற்பத்தேழு வயதில் சிலருக்குத் தலைக்குச் சாயம் பூசத் தோன்றும். இவனுக்குக் கிட்டார் கற்கத் தோன்றியிருக்கிறது. போதாக்குறைக்கு இடக்கைக்காரன். முதல் நாளே கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"ஃபெர்மின், அது தொடைக்கறி இல்ல. திருப்பிப் பிடி."

"இந்தப் பக்கம்தான் மாஸ்டர் கைக்கு வருது."

"உன் கைக்கு வந்தா ஆச்சா? கிட்டாருக்கு வர வேணாமா?"

வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். ரோஷம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

கம்பிகளை மாற்றிக் கட்டின கிட்டார் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். பொறுமையாக விளக்கினேன். எங்கள் சங்கத்தில் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு கிட்டார் மேசையைச் சுற்றி வரும். யார் கைக்கு வருகிறதோ அவர் வாசிக்க வேண்டும், முடியாவிட்டால் அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அங்கே தனக்கென்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது, விருந்துக்குக் கட்டுச்சோறோடு போவது மாதிரி. கேட்டுக்கொண்டான். மூன்று மாதம் வலக்கைக்காரன் போலவே பிடித்து வாசித்தான். கிட்டாரின் கழுத்தில் அவன் இடது கை நகர்ந்ததைப் பார்த்தால் நண்டுக்கே சிரிப்பு வரும். சங்கத்தில் அவனுக்குப் 'பீச்சாங்கை' என்று பெயர் வந்தது. அதை வைத்தது நானில்லை. நான் அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"நீ கை தட்டு, ஃபெர்மின். தாளத்துக்கும் ஆள் வேணும்ல."

"தட்டுறேன் மாஸ்டர். தட்டுறதுக்கு மட்டும் ரெண்டு கையும் ஒண்ணா?"

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. சனியன் விட்டது என்று இருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. சாப்பாடு முடிந்து, ஷெர்ரி ஒயின் இறங்கி, கிட்டார் சுற்ற ஆரம்பித்தது. அன்று சுற்றியது என்னுடைய கிட்டார். ஃபெர்மின் கைக்கு வந்தபோது யாரோ, "தள்ளிவிடு பீச்சாங்கை, தொட்டா தீட்டு" என்றார்கள். அவன் தள்ளவில்லை. அப்படியே புரட்டிப் பிடித்துக்கொண்டான். கம்பி எதையும் மாற்றவில்லை. தடித்த கம்பிகள் கீழே, மெல்லியவை மேலே. வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தலைகீழாகவே கற்றிருக்கிறான், மேடம். கட்டைவிரல் செய்ய வேண்டியதை மற்ற விரல்கள் செய்தன. அவை செய்ய வேண்டியதைக் கட்டைவிரல் செய்தது. நான் சொல்லிக்கொடுத்த அதே சொலேயா மெட்டு, பன்னிரண்டு மாத்திரைத் தாளம். ஆனால் மேலிருந்து கீழே அடிக்க வேண்டிய இடமெல்லாம் கீழிருந்து மேலே எழும்பியது.

நன்றாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். புதிதாக இருந்தது. புதிதாக இருந்தால் கூட்டத்துக்கு அழுகை வரும். இரண்டு பேர் அழுதார்கள். எனக்குக் கிட்டாரைப் பற்றித்தான் கவலை. நகம் படும் பக்கத்தில் மரம் கீறாமல் இருக்க ஒரு தகடு ஒட்டியிருப்போம். அவன் புரட்டிப் பிடித்ததால் அந்தத் தகடு மேலே போய்விட்டது, அவன் நகம் வெறும் மரத்தில் பட்டது. மூன்று கீறல். அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் திரினிதாத் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"அன்செல்மோ, நீ போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாயேன். நான் இவனோட ஒண்ணு பாடிப் பாக்குறேன்."

குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் நான்கு பாட்டு முடிந்திருந்தது. மே மாதத் திருவிழாவுக்கு அவனே வாசிக்கட்டும் என்றும் முடிவாகியிருந்தது.

பொறாமை என்று எழுத வேண்டாம். தொடைக்கறி சீவுகிறவனைப் பார்த்து நான் ஏன் பொறாமைப்பட வேண்டும்? எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். அதுவும் எனக்காக இல்லை, கிட்டாருக்காக.

அடுத்த வியாழன், மாலை நான்கு மணி. ஊர் இன்னும் மதியத் தூக்கத்தில் இருந்தது. சங்கத்தைத் திறக்க நான் போயிருந்தேன். ஒத்திகைக்கு மற்றவர்களுக்கு முன்னால் அவன் வந்தான். சங்கத்தின் இரும்பு ஷட்டரைச் சங்கிலியை இழுத்துத்தான் தூக்க வேண்டும். ஒரு சாண் எழும்பியதும் சிக்கிக்கொள்ளும். கீழே ஒருவர் கை கொடுத்து நெம்ப வேண்டும். நான் சங்கிலியைப் பிடித்திருந்தேன்.

"குனிஞ்சு ஒரு கை குடு, ஃபெர்மின்."

"ஒரு கைதான் மாஸ்டர் குடுப்பேன். இன்னொண்ணுல நகம் போச்சுன்னா திரினிதாத் என் தோலை உரிச்சிடுவா."

சிரித்துக்கொண்டே இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையை ஷட்டருக்கு அடியில் கொடுத்தான். கிட்டார்க்காரர்கள் நாங்கள் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு கையைத்தான் காப்பாற்றுகிறோம். வீட்டுக் கதவில், கத்தியில், காரின் கதவில் எதிலும் வலது கையை விட மாட்டோம். அந்தக் கை அங்கே ஷட்டருக்கு அடியில் விரிந்திருந்தது. வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. மனசுக்குள் எண்ணினேன். சொலேயாவில் பத்தாம் மாத்திரையில் முத்தாய்ப்பு விழும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் நசுங்கின. கட்டைவிரலும் மற்ற இரண்டும் தப்பின. ஆஸ்பத்திரியில் அவன்தான் என்னைத் தேற்றினான்.

"அழாதீங்க மாஸ்டர். சங்கிலி நழுவினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

என் கண்ணில் ஷட்டர் துரு விழுந்திருந்தது.

திருவிழாவுக்கு நான்தான் வாசித்தேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஜூன் கடைசியில் அவன் திரும்ப வந்தான். அவனுக்கு வலது கை கம்பியை அழுத்தத்தானே? மிச்சமிருந்த இரண்டு விரலால் அழுத்தினான். இடது கை அப்படியே இருந்தது, நகத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பாதி சுரங்களை விட்டுவிட்டு வாசித்தான். அந்த இடைவெளிகளில் திரினிதாத் பாடினாள். அவள் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை.

"ரெண்டு விரல் போதும்டா. என் பாட்டுக்கு அதுக்கு மேல எதுக்கு?" என்றாள். பிறகு என் தோளில் கை வைத்தாள். "அன்செல்மோ, நீ இனிமே ஓய்வெடு. சங்கிலியே கையில நிக்கல பாரு, உன் கை தளர்ந்து போச்சு. வயசாகுதுல்ல."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பாவம் என்று தலையாட்டினார்கள். பாவமாம். என் நாற்காலியை ஓரமாகத் தூக்கிப் போட்டதும் அவர்கள்தான்.

அதனால்தான் நானே நடந்து வந்தேன், மேடம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். இடக்கைக்காரனைக் கெடுக்க நினைத்தவன் மீட்டுகிற கையை விட்டுவிட்டு மற்றதை நசுக்குவானா, அப்படியானால் கை தவறியதுதானே என்று. அது வாத்தியம் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி. இதற்கு மட்டும் தெளிவாகப் பதில் எழுதுங்கள். சங்கிலி நழுவவில்லை. நான்தான் விட்டேன். பத்தாம் மாத்திரையில் விட்டேன், பத்தாம் மாத்திரையிலேயே விழுந்தது. என் கை இன்றுவரை தளரவில்லை.

கையெழுத்துப் போட்டதும் இதைத் திரினிதாத்திடம் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலியை எங்கே போடச் சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.