திண்டிவனத்தில் நிற்காத வண்டி

அலோ... அலோ, அருணா? பூவரசு அண்ணன் பேசுறேம்மா... ஆமா, ஆமா, விழுப்புரத்துல ஏறிட்டேன்... கோதண்டம் எப்படிம்மா இருக்கான்?... கண்ணே தொறக்கலியா... ம்... டாக்டரே சொல்லி வூட்டுக்கு எடுத்துக்கினு வந்துட்டீங்களா... ம்...

இல்லம்மா, அதச் சொல்லத்தான் கூப்டேன். பதட்டத்துல முன்னால வந்து நின்ன வண்டில ஏறிட்டேன். இது திண்டிவனத்துல நிக்காதாம்... ஆமா, செங்கல்பட்டுல எறங்கித்தான் திரும்பி வரணும்... எந்த வண்டி எங்க நிக்கும்னு ஊருக்கே சொல்றவன் நானு. எனக்கே இன்னிக்கி இந்தப் பேஜாரு...

அழாதம்மா. ஒங்க வூடு ரயில்வே கேட்டாண்டதான? ஜன்னலத் தொற. போன அவன் காதுல வை... வெச்சிட்டியா?... சரி.

டேய் கோதண்டம்... நான்தான்டா. மயிலம் தாண்டிட்டேன். ஒன் வூட்டுப் பக்கமாத்தான் போவப்போறேன்... பள்ளிக்கூடம் வுட்டதும் பையோடவே ஓடுவோமேடா, ரயில் பாலத்து மேல நிக்க... பாண்டி வண்டி கீழ போனா கரிப் பொகையில ரெண்டு பேரு சட்டையும் கருத்துடும்... எஞ்சின் நம்பரக் கூட்டி ஒத்தப்பட வந்தா ஒன்து, ரெட்டப்பட வந்தா என்து. கணக்குல முட்ட வாங்குற பய, அத மட்டும் டக்குனு கூட்டிருவ... கார்டு கொடி ஆட்டுனா, எனக்குத்தான் ஆட்டுனாருன்னு வூடு வரைக்கும் சண்ட போட்டுக்கினே வருவ... சரிடா, ஒனக்குத்தான் ஆட்டுனாரு. எல்லா வண்டியும் ஒன்துதான்டா. நான் திரும்பி வர்ற வரைக்கும் இருடா... எனக்கு வேற யாருடா இருக்கா, இதெல்லாம் பேச...

தோ, ஊரு வந்துடுச்சி. கதவாண்டதான் நிக்கிறேன்... ஒன் வூடு தெரியுது, மாடில துணி காயுது... ஆரன் அடிக்கிறான் பாரு, கேக்குதா?... கேட்டத் தாண்டிட்டேன்டா... கோதண்டம்?...

அலோ... அருணாவா? சொல்லும்மா, கேட்டானா? கண்ணத் தொறந்தானா?... என்னா?... எப்போ?... நான் பேச ஆரம்பிச்சப்பவேவா...

ஏம்மா சொல்லல... ... ம்... நான் பேசிக்கினு இருந்தேன்னு நிறுத்த மனசு வரலியா...

இல்லம்மா, கோவம் இல்ல... ம்... ம்... அருணா, போன எடுத்துடாத. அவன் காதுலயே வை. நான் இன்னும் பேசி முடிக்கல... வெச்சிட்டியா?...

டேய்... அலோ... அலோ...