சுலோஜனாவுக்கான அளவு

தேத்தண்ணீருக்கு நன்றி, றுவைஸ் சேர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் சிவகுருநாதன். பிரயோக கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு மருந்தோ நஞ்சோ உடலுக்குள் போனால் எவ்வளவு வேகமாகக் குருதியில் கலக்கும், எங்கே தங்கும், ஈரலும் சிறுநீரகமும் அதை எப்போது வெளியேற்றும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவதுதான் என் ஆய்வு. மாணவர்களுக்குக் கந்தளாய்க் குளத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவேன். ஒரு பக்கத்தால் தண்ணீர் வருகிறது, மறுபக்கம் மதகால் போகிறது. வருவதும் போவதும் ஒத்திருந்தால் நீர்மட்டம் அசையாது. எந்த மாணவருக்கும் இது உடனே விளங்கிவிடும்.

எங்கள் மகன் இராகுலன் போன வருடம் கடலில் போனான். கூட்டாளிமாரோடு குளிக்கப் போனவன். அவர்கள் திரும்பி வந்தார்கள். சடங்குகளை எல்லாம் முறையாகச் செய்தோம். முடிந்த கையோடு நான் விரிவுரைக்குத் திரும்பினேன். வீட்டில் யாராவது ஒருவர் வழமைபோல இருக்கத்தானே வேண்டும்.

என் மனைவி சுலோஜனாவால் அது ஏலவில்லை. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவள், வேலைக்குப் போவதை விட்டாள். பின்னேரங்களில் உட்துறைமுக வீதியால் நடந்து போய், கரையில் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கத்தமாட்டாள். பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லும் குரல்தான். வலை திருத்திக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். என் மாணவர்களும் அந்த வீதியால்தான் போய்வருவார்கள்.

வைத்தியர் மனதை அமர்த்த ஒரு மாத்திரை எழுதித் தந்தார், கொஞ்சக் காலத்துக்கு மட்டும் என்று சொல்லி. அதைக் குடித்தால் அவள் வெளியே போகமாட்டாள். கதிரையில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு அமைதியாக இருந்தது. பிறகு வைத்தியர் நிறுத்தச் சொன்னார். அவளுக்கும் அது பிடிக்கவில்லை.

"எனக்கு இந்தக் குளிசை வேண்டாம். பிள்ளையின்ர முகம் மங்கலாத் தெரியுது" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. மருந்துக்கடையில் என்னைத் தெரியும். ஆய்வுக்கு என்றால் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தூளாக்கி அவளுடைய தேத்தண்ணீரில் கலந்தேன். கண்டபடி கலந்தேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கென்றே ஒரு கணக்கு எழுதினேன். அவளுடைய வயது, நிறை, உடல் மருந்தை வெளியேற்றும் வேகம், எல்லாவற்றையும் அதில் போட்டேன். அழவும் விடாத, விழவும் விடாத ஒரு மட்டத்தைக் கண்டுபிடித்து அதிலேயே அவளை வைத்திருந்தேன். மாதக்கணக்காக. அது இலேசான வேலை இல்லை.

பிறகு ஒரு கருத்தரங்குக்காக நான் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. சில நாட்கள்தான். திரும்பி வந்தபோது அவள் தலை முழுகி, சேலைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மருந்து முழுவதும் உடலை விட்டுப் போயிருந்தது. கண்களில் தெரிந்தது.

"நான் கந்தளாய்க்கு, தங்கரத்தினம் அக்காவிட்டப் போறன்" என்றாள்.

"எப்ப வருவீர்?"

"தெரியாது. நீங்க இல்லாத நாளில நல்லா அழுதனான். அழுதாப் பிறகு பசிச்சது. கன காலத்துக்குப் பிறகு பசிச்சது."

"இஞ்ச இருந்தும் அழலாம்தானே."

அவள் சேலையை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "உங்களுக்கு முன்னால ஏலாது. நீங்க அவன்ர பேரையே சொல்லுறேல்ல."

நாளைக்கு நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் நம்பினாள். "ஓம்" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு கன காலம். அதற்காகவாவது நான் அவளைப் போக விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் யார்? பொழுதுபடப் புதிதாகக் கணக்கிட்டேன். கொழும்புக்குப் போகமுன் இருந்த மட்டத்துக்கு ஒரே தடவையில் ஏற்றவேண்டும். பயணத்தை அவள் மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெரிய அளவு வந்தது. கணக்கைத் திரும்பவும் செய்து பார்த்தேன், சரியாகவே இருந்தது. கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, நேரத்தோடு படுத்தாள்.

காலையில் எழும்பவில்லை.

பக்கத்து வீட்டு பஸ்மியாவைக் கூப்பிட்டேன். அவவும் சுலோஜனாவோடு படிப்பித்தவ. ஓட்டோ வந்ததும் நான் கால்மாட்டைப் பிடிக்கப் போனேன். அதற்குள் பஸ்மியா தனியாகவே அவளை இரண்டு கைகளிலும் தூக்கிவிட்டா. தூக்கியவ அப்படியே நின்று என்னைப் பார்த்தா.

"சின்னப் பிள்ளைட பாரம்தான் இருக்கு. டீச்சர் இவ்வளவு மெலிஞ்சு போனது உங்களுக்குத் தெரியல்லயா, சேர்?"

எனக்கு உடனே விளங்கியது. நான் கணக்கில் போட்டிருந்தது இராகுலன் இருந்த காலத்துச் சுலோஜனாவின் நிறை. அவள் சாப்பிடாமல் பாதியாகிப் போயிருந்தாள். உடல் அப்படிச் சுருங்கிவிட்டால் அதே அளவு மருந்து குருதியில் இரண்டு மடங்கு செறியும். களைத்துப்போன ஈரலுக்கு அதை வெளியேற்றவும் ஏலாது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

ஓம், நான்தான் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல், எல்லா நாளும், கடைசி நாளும். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சேர். மகன் போன நாளிலிருந்து, கொழும்பில் நின்ற நாட்கள் தவிர, ஒரு நாள்கூட நான் அவளைப் பார்க்காமல் விட்டதில்லை.