பெருநாள் தட்டத்தில் வந்த சவர்க்காரம்

நிதானமே நிழலாக நீங்காதிருக்கும் அவைத் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! அருகே கதிரை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அரைவயிற்றுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இந்த வாசிகசாலை முன்றலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! மூட்டை சுமந்து முதுகு தேய்ந்த என் துறைமுகத் தோழர்களே! தொழிலாளர் சங்கச் செயலாளர் கிறிஸ்தோபர் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

இனிக்க இனிக்கப் பேச இன்று எனக்கு ஏலாது. எரிகிறது வயிறு!

சங்கிலி வியாபாரம் என்று ஒன்று வந்தது. கொழும்புக் கம்பனி, குளிர்காரில் வந்த ஏஜெண்டு, கழுத்தை இறுக்கிய கழுத்துப்பட்டி. "நூற்றைம்பது ரூபாய் கட்டுங்கள், ஒரு பெட்டி குளிக்கிற சவர்க்காரம் தருவோம். ஐந்து பேரைச் சேருங்கள், ஆளுக்கு ஒரு தரகு. அந்த ஐவர் ஐவரைச் சேர்த்தால் அதிலும் தரகு. பிறகு நீங்கள் சாய்ந்திருந்தால் போதும்" என்றான். சாய்ந்திருந்தால் சோறு வருமா, தோழர்களே? சாமி படத்துக்கே சோறு வராதே!

என்ன தம்பி லாபிர், கை தூக்குகிறீர்? பேசும்.

"அதால உழைச்ச ஆக்களும் இருக்காங்கதானே, அண்ணன்?"

ஓம் தம்பி, இருக்கிறார்கள். அதற்கும் வருகிறேன். நன்மையே இல்லை என்று நான் நா கூசாமல் சொல்ல மாட்டேன். கடை வேண்டாம், கடைக்கு வாடகை வேண்டாம். வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண் வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கலாம். நம் ஊர் றம்ஸியா பன்பாய் பின்னி வீடு வீடாக விற்கிறாளே, யார் குறை சொன்னோம்? பாயை வாங்கியவன் பாயில் படுக்கிறான். கணக்கு அங்கே தீர்ந்தது. ஆனால் இவன் விற்றது சவர்க்காரத்தையா? இல்லை! ஆளை விற்றான்! ஆளுக்கு ஆள் விலை வைத்து விற்றான்!

கணக்கைப் பாருங்கள். ஐந்து, இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று எட்டுப் படி ஏறினால் நாலு லட்சம் பேர் வேண்டும். இந்த மாவட்டத்தில் ஆள் எங்கே? கோட்டைக்குள் மேய்கிற மான்களுக்கும் ஒரு பெட்டி கொடுப்போமா? சிரிக்கிறீர்கள். கடைசிப் படியில் நிற்கிறவள் சிரிக்கவில்லை.

அந்த ஏஜெண்டு கெட்டிக்காரன். நம் ஊரின் நல்ல பழக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தான். பக்கத்து வீட்டுத் தட்டத்தை நாம் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போடுவோம். அதைக் கண்டவன், நம் சந்தில் இருக்கும் தாஹிரின் மனைவி பரீதாவிடம், "பெருநாள் தட்டத்தில் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சவர்க்காரமும் ஒரு படிவமும் வையுங்கள்" என்றான். வைத்தாள். ஐந்து வீட்டுக்கு அனுப்பினாள்.

அந்த ஐந்து வீட்டில் ஒன்று புஸ்பராணியுடையது. அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நான் என்ன செய்ய? சீனியை மட்டும் போட்டு அனுப்பினா, படிவத்தைக் கழிச்சுப்போட்டன் எண்டு பரீதாக்கா மனம் நோவா. அவவின்ர முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டனான்."

முகத்துக்காக! ஆசைக்காக அல்ல, அன்புக்காக ஏமாந்த ஊர் இது! தீபாவளிக்குப் புஸ்பராணியின் தட்டம் அதே படிவத்தோடு கிறிஸ்டின் வீட்டுக்குப் போனது. நத்தாருக்குக் கிறிஸ்டினின் கேக்குத் தட்டம் இன்னும் மூன்று வீட்டுக்குப் போனது. இருபத்துமூன்று வீடு! தை பிறந்தது, கம்பனி மறைந்தது. கொழும்பில் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

இப்போது நடப்பது என்ன? இருபத்துமூன்று வீட்டுக் கோபமும் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. "உன்ர தட்டத்தாலதானே போச்சு!" என்று விடிய விடிய அவள் கதவைத் தட்டுகிறீர்கள். தனக்கு வந்த தரகையும் அடுத்த பெட்டி வாங்கவே திருப்பிக் கொடுத்த அப்பாவி அவள். மகள் ஸல்ஹாவுக்கு வீடு கட்ட வைத்திருந்த வளவை நாளை ஈடு வைத்து உங்கள் காசைத் தரப்போகிறாள். ஒரு குமரின் வாழ்வை ஈடு வைத்து நாம் சவர்க்காரக் காசு வாங்குவதா? வாங்கினால் அந்தக் கை வெளுக்குமா?

அவள்தானே தொடங்கினாள் என்கிறீர்கள். பொறுங்கள். படியில் அவளுக்கு மேலே யார் நின்றது என்று ஒருவராவது கேட்டீர்களா?

நான்!

ஓம், நான்தான். மேடை என்றால் மயங்குகிற மனிதன் நான். போன ஆடியில் அந்த ஏஜெண்டு எனக்கு மாலை போட்டான். இதே முன்றலில் அவன் கம்பனியைப் புகழ்ந்து முக்கால் மணி நேரம் முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத்தான் அவன் விற்றான். பரீதாவின் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவனும் நான். "கிறிஸ்தோபர் அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லித்தான் அவள் கையெழுத்திட்டாள். தம்பி லாபிர், உழைத்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டீரே, உம் முன்னால் நிற்கிறேன். எனக்கு நானூற்றெண்பது ரூபாய் தரகு வந்தது. தலைவர் அவர்களே, இதோ உங்கள் மேசையில் வைக்கிறேன். நீங்கள் இழந்த காசில் மீதிக்கு மாதாமாதம் என் சம்பளத்தில் பாதி. தரகு தின்ற மற்றவர்களும் இந்த மேசைக்கு வாருங்கள். பெயர் சொல்லி அழைக்க என்னை வைக்காதீர்கள்!

நாளை எவரும் பரீதாவின் கதவைத் தட்ட வேண்டாம். பிள்ளையார் கோயில் சந்தில் மூன்றாவது வீடு, நீலக் கதவு. அதுதான் என் வீடு. அங்கே வந்து தட்டுங்கள். திறப்பேன்.

தலைமை தாங்கிய ஹாஜியாருக்கும், ஒலிபெருக்கி தந்த தோழர்களுக்கும், இன்று கைதட்டாமல் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.